நிற்கக் கூடாத லேப்டாப்

எதைக் கண்டாலும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அவருடைய பழக்கம். உள்ளங்கையால் தொடமாட்டார். "உள்ளங்கை காய்ச்சுப்போன கை தாயி, அதுக்கு ஒண்ணும் தெரியாது. பொறங்கைக்குத்தான் சூடு தெரியும்" என்பார். வாசலில் வந்து நிற்கும் ஸ்கூட்டரின் இன்ஜின், வீட்டு ஓனரம்மாவின் புது ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம், தெருமுனைக் கடையின் ஜெராக்ஸ் மெஷின், என் மிக்ஸியின் அடிப்பாகம் என்று அந்தக் கை படாத சாமான் எங்கள் தெருவில் இருந்திருக்காது. தொட்டுவிட்டுச் சும்மாவும் போகமாட்டார். ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

அந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் தப்பாகவே இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் செல்போன் சார்ஜர் ஒரு மாதம்கூடத் தாங்காது என்றார். இன்றைக்கும் அதில்தான் சார்ஜ் போடுகிறேன். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் போகப்போகிறது என்று சொல்லி ஓனரம்மாவுக்குத் தூக்கம் வராமல் செய்தார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று சொன்னபோது, "இப்ப இல்ல. போகப்போகப் பாருங்க" என்றார். கொஞ்சமாவது முகம் சுருங்க வேண்டுமே? ஊஹும். மனிதர் அப்படியே அடுத்த வீட்டு மோட்டாரைத் தொடப் போய்விட்டார்.

பெயர் வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் என்றே சொல்கிறேன். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து பல வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. அலுமினியத்தை உருக்கி, அச்சுக்குள் அடித்து, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அச்சுகளைப் பராமரிக்கும் வேலை. உருகிய உலோகம் உள்ளே போய் உறையும்போது அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோக, அச்சுக்குள் துளைகள் போட்டுத் தண்ணீர் ஓடவிட்டிருப்பார்களாம். துளை அடைத்துக்கொண்டால் அச்சு விரிசல் விடும், மெஷின் நிற்கும். மெஷின் நிற்பதைப் போல ஒரு கெட்ட காரியம் அவருக்கு உலகத்தில் இல்லை. "சூடு போறதுக்கு வழி விடணும் தாயி. வழி விட்டா அது பாட்டுக்கு ஓடும்" என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்வார். சிக்னலில்கூட வண்டியை ஆஃப் செய்யமாட்டார்.

நான் ஊத்தங்கரைப் பக்கம். ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்து ஓசூருக்கு வந்தபோது அந்த லைன் வீட்டில் குடியேறினேன். வரிசையாக வீடுகள், மேலே சிமெண்ட் ஷீட், இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். நான் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் அவர் "மாத்தர போட்டியா?" என்று கேட்பார். அவ்வளவு தடிமனான சுவர் அது.

அந்தச் சுவர் வழியாகத்தான் முதலில் அந்தக் குரலைக் கேட்டேன். ஒரு பையன் இன்டர்வியூவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். "குட் மார்னிங் சார். மைசெல்ஃப்..." என்று தொடங்கி, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்ததைச் சொல்லி, "மை ஃபாதர் இஸ் வொர்க்கிங் இன் எ பிரைவேட் கம்பெனி. மை மதர் இஸ் எ ஹோம் மேக்கர். மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க். மை வீக்னெஸ் இஸ்..." என்று வந்து நின்றுவிடுவான். வீக்னெஸ் என்னவென்று அவனுக்குக் கடைசிவரை வாயில் வராது. சிரித்துவிடுவான். மறுபடி முதலிலிருந்து குட் மார்னிங் சார். நடுவில் ஒரு பெண்குரல், "சோறு ஆறுதுடா, வா" என்று கூப்பிடும். "இரும்மா. ரெண்டு நிமிஷம். வர்றேன்" என்பான்.

காலை ஷிப்ட் முடிந்து வந்தாலும் இது. லீவு நாளில் துணி துவைக்க உட்கார்ந்தாலும் இது. ஒருநாள் ஓனரம்மாவிடம், "பக்கத்து வூட்டுப் பையன் இப்பிடி விடாம படிக்கிறானே, கண்டிப்பா வேல கெடச்சிடுங்க. ஆனா அந்த வீக்னெஸ்ஸ மட்டும் யாராவது சொல்லிக் குடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

ஓனரம்மா தெலுங்குக்காரர். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "அய்யோ தேவுடா, உனக்கு யாரும் சொல்லலியா? அந்தப் பிள்ள இல்லம்மா. செத்துப் போச்சு. அது வீடியோ" என்றார்.

அண்ணனுடைய மகன் அவன். கிருஷ்ணகிரிக்கு பைக்கில் போய்த் திரும்பியபோது, குந்தாரப்பள்ளி தாண்டி நெடுஞ்சாலையில் லாரி அடித்திருக்கிறது. அது நடந்து சில மாதங்களில் அவன் அம்மாவுக்கு, நான் பிறகு அக்கா என்று கூப்பிட்டவளுக்கு, மூளையில் ரத்தம் கட்டி ஆபரேஷன் ஆனது. பிழைத்துக்கொண்டாள். பழையதெல்லாம் நினைவிருந்தது. மகன் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, டிப்ளமோ முடித்தது எல்லாம். அதற்குப் பிறகு நடந்த எதுவும் மனதில் தங்கவில்லை. புதிதாகச் சொல்வதும் தங்கவில்லை. மகன் செத்தது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றால், சொன்னால் தெரியும். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். தூங்கி எழுந்தால், சில நாளில் அதற்கு முன்பே, "தம்பி எங்க?" என்று கேட்பாள். மறுபடி சொல்ல வேண்டும். மறுபடி அவள் முதல் தடவையாகக் கேட்பாள்.

ஒருநாள் அண்ணன், மகனுடைய லேப்டாப்பைத் திறந்து அந்த வீடியோவைப் போட்டிருக்கிறார், தனக்காக. சிநேகிதனின் செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பையன் எடுத்துக்கொண்ட வீடியோ அது. அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டதும் அதிலேயே பதிவாகிவிட்டது. தப்பைத் திருத்திக்கொள்ள அதை லேப்டாப்பில் போட்டுச் சாயங்காலம்தோறும் பார்ப்பானாம், அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாளாம். அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "வர்றேன்னு சொல்றான்" என்று திருப்தியாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் "எங்க" என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஒரே வீடியோ திரும்பத் திரும்ப ஓட வேண்டும், லேப்டாப் நிற்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அண்ணன் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி நிரந்தரமாக நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டார். ராத்திரி மாத்திரையில் அக்கா தூங்கிவிடுவாள். பகலெல்லாம் அவர் வீட்டில்.

இதைக் கேட்ட பிறகு அந்தக் குரலைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன். வீடு மாறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் அண்ணனே வந்து கதவைத் தட்டினார். "தாயி, நீ கம்ப்யூட்டர்ல வேல பாக்குறவதான? அந்த லேப்டாப்பு எம்புட்டு சூடுன்னு காட்டுறதுக்கு எதோ இருக்காமே, அதப் போட்டுக் குடேன்."

அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன்.

லேப்டாப் பழையது. பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மூடிமேல் பையன் ஒட்டிய பைக் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. சித்திரை மாசம், சிமெண்ட் ஷீட் வீடு, நிற்காத வீடியோ. எந்த லேப்டாப்தான் தாங்கும்? உச்சி நேரம் வந்ததும் அதற்குள்ளிருக்கும் சின்ன ஃபேன் கத்தும். படம் விட்டு விட்டு ஓடும். பிறகு டப்பென்று அணைந்துவிடும். சூடு மிஞ்சினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே அணைந்துகொள்கிறது என்று சொன்னேன். "அது தன்னயக் காப்பாத்திக்கிருது. இவளை யாரு காப்பாத்துறது?" என்றார்.

வேறு வழி பார்க்காமல் இல்லை. டிவியில் போட்டால் ஏதோ நாடகம் ஓடுகிறது என்று அக்கா எழுந்து போய்விட்டாள். செல்போனில் போட்டால் முகம் சின்னதாக இருக்கிறது என்று கவிழ்த்து வைத்தாள். என் லேப்டாப்பைக் கொண்டுபோய் அதே மேஜையில் வைத்தேன். மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாருது? தம்பியோடது எங்க?" என்றாள். நான் அதை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, அந்த லேப்டாப்தான் ஓட வேண்டும், சூடாகாமல் ஓட வேண்டும். அண்ணன் கம்பெனி அச்சைப் பிரிப்பதுபோல அதைப் பிரிக்க ஆரம்பித்தார். அக்கா குளிக்கும் நேரம், காலையில் அவள் எழுவதற்கு முன், கிடைக்கிற நேரத்தில் வேலை. முதலில் தூசி. உள்ளேயிருந்து எடுத்த பஞ்சுத் தூசியை ஒரு காகிதத்தில் பொதிந்து லைன் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். "பாரு, மூச்சு விடுறதுக்கு எடமே இல்ல." அன்றைக்குக் கொஞ்சம் தேவலையாக ஓடியது. நான்கு நாளில் பழைய கதை.

பிறகு அடிமூடியில் டிரில் போட்டுத் துளைகள். அதில் ஒரு கூத்து நடந்தது. பிளாஸ்டிக் என்று நினைத்து ஓட்டிய இடத்தில் உள்ளே மெல்லிய தகடு இருந்திருக்கிறது. தகட்டுத் தூள் உள்ளே கொட்டி, கீபோர்டில் பாதி எழுத்து செத்துவிட்டது. "கீபோர்டு எதுக்கு தாயி? நாம என்ன கதையா எழுதப் போறோம்?" என்று சமாளித்தார். முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. ஒரு பெயின்ட் பிரஷை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க அந்தத் தூளைத் துளித்துளியாகத் துடைத்து எடுத்தார்.

சிப்புக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே ஒரு பசை இருக்கும். சூட்டைக் கடத்துவதற்கு. அது காய்ந்து பொடியாகிவிட்டது. கம்பெனியில் அச்சுக்குப் பூசும் கிரீஸைக் கொண்டுவந்து பூசினார். நான் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அறுநூறு டிகிரிக்கே தாங்குற கிரீஸு, இதுக்குத் தாங்காதா?" என்றார். தாங்கத்தான் செய்தது. சூட்டைக் கடத்தத்தான் இல்லை. உருகாமல் உறைந்தும் போகாமல் அங்கேயே இருந்துகொண்டு லேப்டாப்பை முன்னைவிடச் சீக்கிரம் அணைத்தது. நான் ஆன்லைனில் சரியான பசையை வரவழைத்துக் கொடுத்த பிறகு, "இதத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார். அந்த வாய்க்கு நான் என்ன சொல்ல?

சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது சிரிப்பாக இல்லை. ஒவ்வொரு தப்புக்கும் விலை இருந்தது. லேப்டாப் அணைந்த மத்தியானங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு அமைதி வரும். பிறகு அக்காவின் குரல், "தம்பி எங்க?" அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். கடைக்குப் போயிருக்கான், குளிக்கிறான். அவள் விடமாட்டாள். எழுந்து குளியலறைக் கதவைத் தட்டிப் பார்ப்பாள். வாசலில் செருப்பைத் தேடுவாள். "செருப்பு இல்லையே, எங்க போனான், உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவர் சொல்லிவிடுவார். அப்போது அவள் எழுப்பும் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பெற்ற வயிறு அது. லைனில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வோம்.

டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்தால் போகிறது என்று யாரும் சொல்லலாம். வைத்தார். காற்றுச் சத்தத்தில் பையனின் குரல் அமுங்கிவிட்டது. "என்ன சொல்றான், கேக்கலையே" என்று அக்கா காதை ஸ்கிரீனில் ஒட்டிக்கொண்டாள். சத்தமும் இருக்கக் கூடாது என்று இன்னொரு கட்டளை சேர்ந்துகொண்டது.

நான் ஒரு யோசனை சொன்னேன். வீடியோவின் தரத்தைக் குறைத்தால் லேப்டாப்புக்குப் பாரம் குறையும், சூடும் குறையும். மாற்றிக் கொடுத்தேன். உண்மையாகவே சூடு இறங்கியது. எனக்கு ஒரே பெருமை. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி ஸ்கிரீனில் அவன் நெற்றியைத் தொட்டாள். "மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே. காச்சலா இவனுக்கு?" என்று அண்ணனைக் கேட்டாள். கஷாயம் வைக்க அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பழைய வீடியோவையே போட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் அவர் கம்பெனி வழிக்கே போனார். காற்று வேண்டாம், தண்ணீர். கம்பெனி ஸ்கிராப்பில் கிடந்த தடித்த அலுமினியக் கட்டை ஒன்றைக் கேட்டு, கேட் பாஸ் போட்டு வாங்கி வந்தார். அதை எமரித் தாளில் தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார். மேடுபள்ளம் இருக்கிறதா என்று கண்ணாடியை அதன்மேல் வைத்து, நடுவே வெளிச்சம் நுழைகிறதா என்று பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். செம்புக் குழாயை வளைத்துக் கட்டைக்கு அடியில் பதித்தார். லேப்டாப்பின் அடிமூடியை முழுக்கக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளிருக்கும் செம்புத் தகடு அந்தக் கட்டைமேல் பசையோடு உட்காரும்படி நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்தார். மீன்தொட்டியில் போடும் குட்டி மோட்டாரை மேஜைக்கடியில் ஒரு மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி, ரப்பர் டியூபால் இணைத்தார். தண்ணீர் பானையிலிருந்து ஏறி, குழாயில் சுற்றி, பானைக்கே இறங்கியது. ஒரு சொட்டு ஒழுகினாலும் லேப்டாப் காலி.

"எம்புட்டு தாயி காட்டுது?" உச்சி வெயில் நேரம்.

"அறுபதுக்குள்ளதாங்கண்ணா இருக்குது" என்றேன். முன்பெல்லாம் அந்நேரத்துக்குத் தொண்ணூறைத் தாண்டி அணைந்திருக்கும். அவர் நம்பவில்லை. கட்டையின் ஓரத்தைப் புறங்கையால் தொட்டார். பிறகு அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஃபேன்கூடச் சுற்றவில்லை. அறையில் பையனின் குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

அன்று சாயங்காலம் லைன் முழுக்கக் காராசேவும் மைசூர்பாகும் கொடுத்தார். "ஓனரம்மா, உங்க ஃபிரிட்ஜுக்கும் இப்படி ஒண்ணு பண்ணித் தாரேன்" என்றார். "நீ என் ஃபிரிட்ஜப் பக்கம் வராத நாயனா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் ஓனரம்மா. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அமைதி இனி வராது என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

லேப்டாப் நிற்கவே இல்லை. சித்திரை போய் வைகாசி வந்தது. காலையில் போட்டால் அவள் படுக்கும்வரை ஓடியது. அக்காவுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் அழவும் இல்லை.

ஆனால் மெலிந்துகொண்டே போனாள். முதலில் நாங்கள் வெயில் என்றோம். பிறகு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். "சாப்பிட்டாப் போதும், வேற வியாதி இல்ல" என்றார்களாம். அண்ணன் ஊர்ப்பக்கத்து மொச்சைக் குழம்பு வைத்துப் பார்த்தார். கருவாடு வாங்கி வந்து வறுத்தார். எல்லாம் அப்படியே திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் கீரைக் கடைசலை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு, தட்டில் சோறு. அண்ணன் தரையில் உட்கார்ந்து பானைத் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார்.

"சாப்புடுக்கா" என்றேன்.

"தம்பி வந்துரட்டும்."

ஸ்கிரீனில் பையன், "இரும்மா. ரெண்டு நிமிஷம். வர்றேன்" என்றான்.

"ரெண்டு நிமிஷங்கிறான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா தட்டை இன்னொரு தட்டால் மூடினாள். வீடியோ முதலிலிருந்து தொடங்கியது. குட் மார்னிங் சார். நான் கீரைக் கிண்ணத்தோடு நின்றேன். அது சுற்றி வந்து மறுபடி, "ரெண்டு நிமிஷம். வர்றேன்." அக்கா மூடிய தட்டைத் திறந்து, சோற்றைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சே" என்று சொல்லி மறுபடி மூடினாள். பிள்ளை சாப்பிடாமல் அவள் எந்தக் காலத்தில் சாப்பிட்டிருக்கிறாள்?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பு லேப்டாப் அணைந்த நாட்களில் அழுது ஓய்ந்த பிறகு அவர் ஊட்டிவிடுவார், அவள் சாப்பிடுவாள். தட்டு கழுவும் சத்தம் எனக்கே கேட்டிருக்கிறது. இப்போது அது நிற்பதே இல்லை. பிள்ளை நாள் முழுக்க வருகிறேன் வருகிறேன் என்கிறான். அவள் நாள் முழுக்கக் காத்திருக்கிறாள்.

"அண்ணா" என்றேன். மேற்கொண்டு சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர் டியூபைக் கையில் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல நாளாகவே தெரிந்திருக்குமோ என்னவோ.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். மேஜைக்குப் போய் லேப்டாப்பின் பட்டனை அழுத்தினார். அணைந்துவிட்டது.

"ஏன் நிப்பாட்டுனீக? வர்றேன்னு சொன்னான்ல?" என்றாள் அக்கா.

அவர் அவள் காலடியில் உட்கார்ந்தார். கடை, குளியல் என்று எதுவும் சொல்லவில்லை. "வரமாட்டான் புள்ள. நம்ம பய செத்துப் போனான். வண்டி அடிச்சு ரோட்டுலயே போயிட்டான். நாந்தான் போயி உடம்ப வாங்கிட்டு வந்தேன்" என்றார். நான் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். சுவர் இருந்து என்ன பிரயோஜனம்? எல்லாம் கேட்டது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு தட்டு கழுவும் சத்தமும் கேட்டது.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் வீடியோ ஓடும். சாப்பாட்டு நேரம் வந்தால் அவர் கையாலேயே நிறுத்திவிட்டுச் சொல்வார். அவள் அழுது முடித்துச் சாப்பிடுவாள். தூங்கி எழுந்தால் எதுவும் இருக்காது. மறுநாள் மறுபடி. அக்காவின் உடம்பு மெல்லத் தேறியது. அண்ணன்தான் வற்றிப் போனார். யார் வீட்டு மோட்டாரையும் தொட்டுப் பார்க்க வருவதில்லை. ஓனரம்மாவே ஒருநாள் கூப்பிட்டு, "நாயனா, ஃபிரிட்ஜு கொஞ்சம் சூடா இருக்கிற மாதிரி இருக்குது, பாரேன்" என்றார். "நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. அவள் அழுவதற்கு முன் ஒரு நொடி அவர் குரல் உடைவது சுவர் வழியாகத் தினமும் கேட்டது.

அடுத்த வருஷம் எனக்குக் காவேரிப்பட்டினத்தில் கல்யாணம் முடிவானது. வீட்டைக் காலி செய்யும் நாளில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று மத்தியானம் போனேன். நேரம் பார்க்காமல் போய்விட்டேன். லேப்டாப் அணைந்திருந்தது. அவர் சொல்லி முடித்திருந்தார். அக்கா அவர் தோளில் தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் தட்டை எடுத்துச் சோற்றைப் பிசைந்தார். அவள் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக அப்படிப் பார்ப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. முந்தானையை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

அவர் பிசைவதை நிறுத்தினார். "போன் வந்துச்சு. கம்பெனியில இருந்தேன்."

"பக்கத்துல யாராச்சும் இருந்தாகளா?"

அவர் விரலில் ஒட்டிய சோற்றைத் தட்டிலேயே வழித்துவிட்டார்.

"பாவம்" என்றாள் அக்கா. "ஒத்தையிலயா கேட்டீக?"

அவர் தலையாட்டினார். அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இப்போதுதான் கேட்டவர்போல அழுதார். அக்கா அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.